வீட்டு மீடியா சர்வருக்கு எந்தப் பெட்டி?

வீட்டில் ஒரு மீடியா சர்வர் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பிராசஸரைப் பற்றித்தான். ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா, ராஸ்பெர்ரி பை தாங்குமா, பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரையே ஓட்டலாமா? என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு. ஹாலில் இருப்பது எந்த டிவி, அதை எந்த வருடம் வாங்கினீர்கள், வேறு யார் எங்கிருந்து பார்க்கப்போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பெட்டி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் காசும் கூடுதலாகப் போகும், சனிக்கிழமை ராத்திரி படமும் பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

சர்வர் செய்வது இரண்டே வேலை. டிஸ்கில் இருக்கும் ஃபைலை எடுத்து, அதில் கை வைக்காமல், நெட்வொர்க் வழியாக டிவிக்கு அனுப்புவது முதல் வேலை. டைரக்ட் ப்ளே என்பார்கள். இதற்குப் பிராசஸர் அநேகமாகச் சும்மா இருந்தாலே போதும். 1080பி ப்ளூ-ரே படத்தின் வீடியோ உச்சத்தில் 40 எம்பிபிஎஸ். சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைப்போல இருபது மடங்கு வேகத்தில் படிக்கும். பத்து வருடப் பழைய பெட்டிகூட நாலைந்து டிவிக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடும். இரண்டாவது வேலை டிரான்ஸ்கோடிங். டிவிக்கோ போனுக்கோ அந்த ஃபைலை ஓட்டத் தெரியாதபோது, சர்வர் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து, அதற்குத் தெரிந்த வடிவத்தில் மறுபடி சுருக்கி, ஓட ஓட அனுப்ப வேண்டும். பிராசஸர் திணறுவதும், ஃபேன் அலறுவதும், பெட்டியின் விலை ஏறுவதும் இந்த வேலையால்தான். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டிரான்ஸ்கோடிங்கைத் தாங்கும் பெட்டிக்குப் பணம் போடுவதற்கு முன்னால், டிரான்ஸ்கோடிங்கே தேவைப்படாதபடி செய்யப் பணம் போடுங்கள். மிச்சத்தை டிஸ்குக்குப் போடுங்கள்.

அது எப்போது தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். வீடியோவைச் சுருக்கும் முறைகள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்திருக்கின்றன. விசிடியில் எம்பெக்-1, டிவிடியில் எம்பெக்-2, 2003இல் ஹெச்.264, 2013இல் ஹெச்இவிசி என்கிற ஹெச்.265, 2018இல் ஏவி1. இவற்றில் ஹெச்.264 ஓடாத கருவி இன்று வீட்டில் இருக்காது. ஹெச்.265ஐ 4கே டிவிகள் ஓட்டும், ப்ரௌசர்களில்தான் தகராறு. குரோமில் அது 2022இல்தான் வந்தது, அதுவும் கம்ப்யூட்டரில் அதற்கான ஹார்ட்வேர் இருந்தால். ஃபயர்ஃபாக்ஸின் விண்டோஸ் பதிப்பு 2025 வரை காக்க வைத்தது. ஆனால் ஐபோன்கள் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்தே வீடியோவை ஹெச்.265இல் எடுக்கின்றன. பேத்தியின் பிறந்தநாள் வீடியோ டிவியில் அழகாக ஓடி, தாத்தாவின் பழைய லேப்டாப்பில் சர்வரைத் திணறடிப்பது இதனால்தான்.

வீடியோ சரியாக இருந்தும் ஒலியிலும் சப்டைட்டிலிலும் சிக்கல் வரும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ் ஒலியைத் தன் டிவிகளில் கைவிட்டது. டிடிஎஸ் மட்டுமே உள்ள ஃபைலை அதில் போட்டால் சர்வர் ஒலியை மாற்றித் தர வேண்டும். இது சின்ன வேலை, எந்தப் பெட்டியும் செய்யும். சப்டைட்டில் அப்படியல்ல. எஸ்ஆர்டி என்று முடியும் எழுத்து ஃபைலாக இருந்தால் டிவி தானே மேலே எழுதிக்கொள்ளும். டிவிடி, ப்ளூ-ரே வட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். பல டிவி ஆப்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. அப்போது சர்வர் அந்தப் படத்தை வீடியோவின் மேலேயே ஒட்டி, முழு வீடியோவையும் மறுபடி சுருக்கி அனுப்பும். நேற்றுவரை நன்றாக ஓடிய 4கே படம், யாரோ ஒருவர் சப்டைட்டிலைத் தட்டியதும் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதில் தமிழுக்கென்று தனியாக ஒரு விஷயமும் உண்டு. சர்வர் தமிழ் சப்டைட்டிலை வீடியோவில் ஒட்டும்போது அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு இலவச எழுத்துருவைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

நம் வீடுகளில் இருக்கும் சரக்கில் இன்னொரு வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கல்யாண டிவிடி. பீரோவில் ஆல்பத்தோடு இருக்கும் அந்த வட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 'வீடியோ_டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். உள்ளே விஓபி என்று முடியும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வெட்டப்பட்டு வரிசையாக இருக்கும். முகூர்த்தம் ஒன்றில் தொடங்கி அடுத்ததில் முடியும். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் இவற்றைத் தரம் குறையாமல் ஒரே ஃபைலாகச் சேர்த்துத் தந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பது எம்பெக்-2. 720க்கு 576 புள்ளி. அதுவும் நொடிக்கு 25 ஃப்ரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று பாதி பாதியாகப் பிரித்து எடுத்த இன்டர்லேஸ்டு படம். ப்ரௌசர்கள் எம்பெக்-2ஐ ஓட்டாது. ஓட்டுகிற கருவிகளிலும் மாலை மாற்றும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். சர்வர் இதை மாற்றித்தான் தர வேண்டும். நல்லவேளையாக, புள்ளிகள் குறைவு என்பதால் எந்தச் சாதாரணப் பெட்டியும் சிரமமில்லாமல் செய்துவிடும். 4கே படத்தை மாற்றுவதில்தான் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் தெரியும்.

ஹாலில் பழைய டிவி இருந்தால், புது சர்வரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த டிவியில் ஒரு 4கே ஸ்டிக்கையோ ஆண்ட்ராய்டு டிவி பெட்டியையோ சொருகுங்கள். ஹெச்.265, பத்து பிட் வண்ணம் எல்லாவற்றையும் அதுவே ஓட்டும். சர்வர் மென்பொருள்களுக்கான ஆப்பும் அதில் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாயில் டிரான்ஸ்கோடிங்கின் பெரும் பகுதி ஒழிந்துபோகும். இந்தத் துறையில் இதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்குப் பிறகும் மிஞ்சுவது வெளியூரிலிருந்து பார்ப்பது. மகள் பெங்களூரு விடுதியிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்றால், 60 எம்பிபிஎஸ் 4கே ஃபைலை அப்படியே அனுப்ப முடியாது. 4 எம்பிபிஎஸ் அளவுக்குக் குறைத்து அனுப்ப வேண்டும். எச்டிஆர் (கூடுதல் ஒளி வீச்சுள்ள) படமாக இருந்தால் வண்ணத்தையும் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் படம் சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தெரியும். இதைப் பிராசஸரின் பொதுவான சக்தியைக் கொண்டு செய்வது முரட்டு வழி. ஹார்ட்வேரில் இதற்கென்றே தனிச் சுற்று உள்ள சிப்பை வாங்குவதுதான் சரியான வழி.

இங்கேதான் இன்டெல் முந்துகிறது. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைச் சிப்பிலிருந்தே குவிக் சிங்க் என்ற பெயரில் வீடியோவுக்கான தனிச் சுற்றை உள் கிராஃபிக்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். செலரான் போன்ற மலிவுச் சிப்பிலும் பெரும்பாலும் இது இருக்கிறது. எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். ஆறாம் தலைமுறையில் ஹெச்.265 வந்தது, எட்டு பிட் மட்டும். இன்றைய 4கே எச்டிஆர் படங்கள் பத்து பிட். அது முழுதாகச் சிப்பில் வந்தது ஏழாம் தலைமுறையில். ஏவி1ஐப் பிரித்துப் படிக்கும் வசதி பதினொன்றாம் தலைமுறையில். ஆகவே பழைய பெட்டி வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய எல்லைக்கோடு ஏழு. ஐ3, ஐ5, ஐ7 என்கிற வித்தியாசம் இந்த வேலைக்குப் பெரிய பொருட்டல்ல. ஏழாம் தலைமுறை ஐ3, நான்காம் தலைமுறை ஐ7ஐ இதில் தோற்கடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் சிப்புகளில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. குவிக் சிங்க்கும் கிடையாது. ஐ3-10100எஃப் போன்றவை விலை குறைவு என்பதால் நம் ஊர்க் கடைகளில் 'அசெம்பிள்' செய்யும்போது தாராளமாகத் தலையில் கட்டுவார்கள். கேமிங் பெட்டிக்கு அது சரி. மீடியா சர்வருக்கு வேண்டாம். ஏஎம்டி சிப்புகளிலும் வீடியோ சுற்று இருக்கிறது, ஆனால் ஹெச்.264 தரத்திலும், மென்பொருள் ஆதரவிலும் இன்டெல் அளவுக்கு நிம்மதி இல்லை. கையில் ஏற்கெனவே இருந்தால் ஓட்டுங்கள், இதற்காகத் தேடிப் போய் வாங்க வேண்டாம்.

இனி பெட்டிகள். ராஸ்பெர்ரி பை மீது எனக்குப் பிரியம் அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் டிரான்ஸ்கோடிங் செய்யும் மீடியா சர்வருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். 2019இல் வந்த பை 4இல் ஹெச்.264 என்கோடர் 1080பி அளவுக்கு இருந்தது. 2023இல் வந்த பை 5இல் அதையும் எடுத்துவிட்டார்கள், ஹெச்.265ஐப் பிரித்துப் படிக்கும் சுற்று மட்டும் இருக்கிறது, மறுபடி சுருக்க ஒன்றும் இல்லை. பலகையின் விலையோடு பவர் சப்ளை, கேஸ், கூலர், எஸ்எஸ்டி எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பழைய அலுவலக மினி பிசியின் விலையை எட்டிவிடும். எல்லாத் திரையும் டைரக்ட் ப்ளே என்று உறுதியாகத் தெரிந்த வீட்டில், பை ஏற்கெனவே கையில் இருந்தால், தாராளமாக ஓட்டலாம்.

டிஸ்க் போடும் இடத்தோடு வரும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகள் கச்சிதமானவை, சத்தமில்லாதவை. ஆனால் கொடுக்கும் காசின் பெரும் பங்கு மென்பொருளுக்கும் கூட்டுக்கும் போகிறது. மலிவு மாடல்களில் வீடியோ மாற்றும் சக்தி மிகக் குறைவு. அந்த மென்பொருளும் கம்பெனியின் கையில் இருக்கிறது. நாஸ் தயாரிக்கும் சினாலஜி 2024இல் தன் டிஎஸ்எம் மென்பொருளின் 7.2.2 பதிப்போடு வீடியோ ஸ்டேஷன் என்ற ஆப்பையே நிறுத்திவிட்டது. அதை நம்பி வாங்கியவர்கள் வேறு ஏற்பாடு தேட வேண்டியதாயிற்று. பட்ஜெட் பார்க்கிறவர்களுக்கு இது வழியல்ல.

பரணில் இருக்கும் பழைய டவர் கம்ப்யூட்டர் 'சும்மா' கிடைக்கிறது என்று தோன்றும். கரன்ட் பில்லைப் போட்டுப் பார்த்தால் அது சும்மா இல்லை என்பது தெரியும். அப்படிப்பட்ட டவர், வேலை எதுவும் செய்யாமல் விழித்திருக்கவே 60 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் இரண்டு மாத பில்லுக்கு அது 86 யூனிட். 10 வாட்டில் விழித்திருக்கும் மினி பிசி அதே காலத்தில் எடுப்பது 14 யூனிட். வித்தியாசம் 72 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் இரண்டு மாதத்துக்கு 576 ரூபாய்; வருடத்துக்கு ஏறக்குறைய 3,500. சர்வர் என்பது 24 மணி நேரமும் ஓடுவது. நான்கு வருடத்தில் 14,000 ரூபாய் இப்படிப் போகும். அந்தக் காசுக்கு ஒரு மினி பிசியே வந்துவிடும். தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; கீழே இருக்கும் சில யூனிட்டுகளும் அதிக விலைக்கு மாறிவிடும். கோடையில் ஏசி ஓடும் வீடு 460, 470 என்று எல்லையில் நிற்கும்போது அந்த 72 யூனிட் அதை அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஆகவே டவர் இருக்கிறதே என்பவர்களுக்கு என் யோசனை: ஒரு மாதம் அதில் ஓட்டிப் பாருங்கள், வீட்டில் உள்ளவர்களுக்குப் பிடிக்கிறதா, யார் எதில் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு நான் முதலில் காட்டுவது அலுவலகங்கள் கழித்துவிட்ட மினி பிசிக்களை. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்று வகைதான் அதிகம் கிடைக்கும். ஒரு தடித்த புத்தகத்தின் அளவு. வங்கிக் கவுன்டர்களிலும் கால் சென்டர்களிலும் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓடியவை. அப்படி ஓடவே கட்டப்பட்டவை. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் கொத்துக்கொத்தாகக் கழிக்கின்றன. சர்வரில் நாம் போடப்போவது லினக்ஸ் என்பதால் இது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏழாம் தலைமுறை நல்ல பேரம். கொஞ்சம் கூட்டிக் கொடுக்க முடிந்தால் எட்டாம் தலைமுறை ஐ5-8500டி. ஆறு கோர், 35 வாட் வகைச் சிப். சும்மா இருக்கும்போது பெட்டி மொத்தமும் பத்து வாட் அளவில்தான் எடுக்கும். 2025 கடைசியில் ரேம் விலை உலகெங்கும் ஏறிய பிறகு, ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளேயே இருக்கும் பழைய பெட்டிக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் இதை வாங்கும்போது அவசரப்படாமல் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள். கடைக்காரர் சொல்லும் தலைமுறையை நம்பி நிற்க வேண்டாம். ஆன் செய்ததும் பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். பழைய கம்பெனியின் பூட்டைத் திறப்பது நம் வேலையல்ல. பயாஸில் சிப்பின் பெயர், ரேம் எத்தனை துண்டு என்பதெல்லாம் தெரியும். அடாப்டர் அந்தக் கம்பெனியுடையதா, எத்தனை வாட் என்று பாருங்கள். டெல், எச்பி சில மாடல்களில் வேறு கம்பெனி அடாப்டர் போட்டால் பெட்டி அடையாளம் தெரியாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடியைத் திறக்கச் சொல்லி, 2.5 இன்ச் டிஸ்க் வைக்கும் தட்டும், அதை மதர்போர்டோடு இணைக்கும் பட்டை ஒயரும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். கழித்த பெட்டிகளில் அடிக்கடி காணாமல் போவது அந்தச் சின்ன ஒயர்தான். தனியாகத் தேடினால் அலைச்சல். ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள்.

பழையது வேண்டாம், புதிது வேண்டும் என்பவர்களுக்கு என்100. 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் சிப்; நான்கு சின்ன கோர்கள், 6 வாட் வகை. பேருக்குச் சின்னதே தவிர வீடியோ சுற்று பன்னிரண்டாம் தலைமுறையுடையது. பத்து பிட் ஹெச்.265ஐப் படிக்கும், சுருக்கும், ஏவி1ஐப் படிக்கும். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் 4கே எச்டிஆர் படத்தை 1080பியாக மாற்றித் தந்துவிடும். சிறு குடும்பத்துக்கு அதற்கு மேல் எப்போதும் தேவைப்படாது. குறை என்றால், ரேம் ஒரே சேனல், விரிவாக்க இடம் குறைவு, சில பெயர் தெரியாத கம்பெனிகளின் பயாஸுக்கு அப்டேட்டே வராது. ஃபேன் இல்லாத என்100 பெட்டிகளை நம் கோடையில் மூடிய டிவி அலமாரிக்குள் வைக்காதீர்கள். அறையே 38 டிகிரியில் இருக்கும்போது அது சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திரை உடைந்த லேப்டாப் ஒன்று கையில் இருந்தால் அதுவும் நல்ல சர்வர். ஏழாம் தலைமுறைக்கு மேல் இருந்தால் வேறு எதுவும் வாங்கவே வேண்டாம். பேட்டரியே யுபிஎஸ். ஆனால் எப்போதும் நூறு சதவீதத்தில் சார்ஜரில் கிடக்கும் பேட்டரி நாளடைவில் உப்பும். அது தீ அபாயம். பயாஸிலோ மென்பொருளிலோ சார்ஜை 60, 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் மட்டும் பேட்டரியை உள்ளே வையுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுவது இந்த பட்ஜெட்டுக்கு உரியதல்ல.

ரேம் 8 ஜிபி போதும். சர்வர் மென்பொருளும் போஸ்டர் படங்களும் இருக்க 128 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. இவற்றில் மிச்சம் பிடித்து டிஸ்குக்கு வாருங்கள்.

நம் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுபவை. 1080பி, 8 எம்பிபிஎஸ் என்றால் ஒரு படம் 9 ஜிபி. 4 டிபி டிஸ்கில் நானூறு படத்துக்கு மேல் பிடிக்கும். அதே நீளத்தில் 60 எம்பிபிஎஸ் 4கே படம் 67 ஜிபி. அறுபது படத்தில் டிஸ்க் நிரம்பிவிடும். எனவே எவ்வளவு பெரிய டிஸ்க் என்பதை உங்கள் சேகரிப்பில் 4கே எவ்வளவு என்பதே முடிவு செய்யும். டிஸ்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருக்கும். இடம் மிச்சம், ஆனால் ஒன்றை மாற்றி எழுதப் பக்கத்தில் இருப்பதையும் எடுத்து எழுத வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான டிஸ்குகளில் இதைச் சொல்லாமல் பயன்படுத்தியது 2020இல் வெளிவந்து, பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ரெய்டு போடுகிறவர்கள் எஸ்எம்ஆரைத் தொடக் கூடாது. ஒரே டிஸ்கில் ஒருமுறை எழுதிப் பலமுறை பார்க்கும் சினிமா சேகரிப்புக்கு எஸ்எம்ஆர் ஒன்றும் கெடுதல் செய்யாது. யுஎஸ்பியில் சொருகும் 2.5 இன்ச் 4 டிபி டிஸ்குகள் பெரும்பாலும் அந்த வகைதான். மினி பிசியோடு அவை தாராளமாக ஒத்துப்போகும். அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றால் தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 இன்ச் டிஸ்க். பழைய டிஸ்க் வாங்கினால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைத் திறந்து எத்தனை மணி நேரம் ஓடியது, கெட்டுப்போய் இடம் மாற்றிய பகுதிகள் எத்தனை என்று பாருங்கள். இரண்டாவது எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் வேண்டாம்.

நெட்வொர்க்கில் ஒரு விசித்திரம்: 4கே டிவிகள் பலவற்றில் ஈதர்நெட் போர்ட்டின் வேகம் இன்னும் 100 எம்பிபிஎஸ்தான். உச்சத்தில் அதைத் தாண்டும் 4கே ப்ளூ-ரே ஃபைல்கள் ஒயரில் தடுமாறி, அதே டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சீராக ஓடுவதைப் பார்க்கலாம். ஆனால் சர்வரிலிருந்து ரௌட்டருக்கு ஒயர்தான் இருக்க வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். வெளியூரிலிருந்து பார்க்க, நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. டெயில்ஸ்கேல் போன்ற இலவசத் தனியார் வலைப் பின்னலை சர்வரிலும் போனிலும் போட்டுவிட்டால் அது இல்லாமலே வேலை நடக்கும், பாதுகாப்பும் கூட.

கரன்ட் போவது பற்றி யோசிக்காமல் நம் ஊரில் எதையும் வைக்க முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால்தான் மாறும் இடைவெளியில் பெட்டி அணையாது. என்100 பெட்டிகள் பல 12 வோல்ட்டில் ஓடுவதால் ரௌட்டருக்கான மினி யுபிஎஸ்ஸிலேயே ஓட்டலாம், அது தரும் ஆம்பியர் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. அலுவலக மினிக்களுக்கு 19, 20 வோல்ட் வேண்டும். அவற்றுக்கு இது ஆகாது. பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே ஆன் ஆகும் தேர்வைப் போட்டுவிடுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் யாரும் பட்டனைத் தேட வேண்டியிருக்காது.

மென்பொருளில் என் தேர்வு ஜெல்லிஃபின். எம்பி என்ற மீடியா சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்த திட்டம். முழுக்க இலவசம், ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங் உட்பட. ப்ளெக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளின் ஆப்கள் இன்னும் மெருகானவை. ஆனால் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணம் வேண்டும், 2025 ஏப்ரலில் ஆயுள் சந்தா 120 டாலரிலிருந்து 250 டாலராகி, வெளியிலிருந்து பார்ப்பதும் கட்டணத்துக்குள் போய்விட்டது. 250 டாலர் என்பது நாம் பேசும் பெட்டியையும் டிஸ்கின் ஒரு பகுதியையும் வாங்கிவிடும் தொகை. ஜெல்லிஃபினில் ஒன்றை மறக்காதீர்கள்: ஹார்ட்வேர் வசதி நிறுவும்போது அணைந்தே இருக்கும். அமைப்பில் போய்க் குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாக்கர் என்ற தனிப் பெட்டகத்துக்குள் ஓட்டினால் கிராஃபிக்ஸ் சாதனத்தை உள்ளே கொடுக்க வேண்டும். என்100 நூறு சதவீதத்தில் திணறுகிறது என்று புலம்புபவர்களின் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு படம் ஓடும்போது டாஷ்போர்டைத் திறந்தால் அது நேரடியாக ஓடுகிறதா, மாற்றப்படுகிறதா, ஏன் மாற்றப்படுகிறது என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும்.

ஓடிடி ஆப்களில் டவுன்லோடு செய்தவற்றை இதில் சேர்க்க முடியாது. அவை அந்தந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டவை. சர்வருக்கு உரியவை நாம் காசு கொடுத்து வாங்கிய வட்டுகள், நாமே எடுத்த வீடியோக்கள். முதலாவது போனால் மறுபடி எங்காவது கிடைக்கும். இரண்டாவது கிடைக்காது. அதனால்தான் ரெய்டுக்கு என்று இரண்டாவது டிஸ்க் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காக்கும். தவறுதலாக அழித்தாலோ, இடி விழுந்து பெட்டி முழுதும் போனாலோ காக்காது. அதே காசில் இன்னொரு யுஎஸ்பி டிஸ்கை வாங்கி, குடும்ப வீடியோக்களையும் போட்டோக்களையும் மட்டும் அதில் நகல் எடுத்து, தம்பி வீட்டிலோ அம்மா வீட்டிலோ வைத்துவிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது எடுத்து வந்து புதியதைச் சேர்த்துத் திருப்பி வைத்தால் போதும். கல்யாண டிவிடி போல எரித்துத் தந்த வட்டுகளின் சாயம் வெப்பத்திலும் ஈரத்திலும் மங்கிக்கொண்டே வரும். புது லேப்டாப்களில் வட்டு டிரைவும் கிடையாது. ஆகவே பெட்டி எது என்று முடிவாகும் வரை காத்திருக்காமல், யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, பீரோவில் இருக்கும் அந்த வட்டுகளைத்தான் முதலில் டிஸ்குக்கு ஏற்ற வேண்டும்.